யார் இந்த அல்சைமர்? மறதி நோய்க்குப் பெயர் கொடுத்த மருத்துவரின் கதை

மறதி நோய் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும் சொல் அல்சைமர். செய்திகளில், சினிமாவில், மருத்துவமனை போர்டுகளில் அடிக்கடி அடிபடும் இந்தச் சொல், உண்மையில் ஒரு மனிதரின் பெயர். அலாய்ஸ் அல்சைமர், ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர். அவர் இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

51 வயதுப் பெண் ஒருவரின் அருகில் உட்கார்ந்து, பேசி, பேசியதை எல்லாம் எழுதி வைத்தவர் அவர். அந்தப் பெண் இறந்த பிறகு அவருடைய மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கண்டதை மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். அரங்கில் இருந்த ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதன்பிறகும் சுமார் 60 ஆண்டுகள், இது நடுத்தர வயதில் எப்போதாவது யாருக்காவது வரும் அபூர்வ நோய் என்றே மருத்துவ உலகம் நம்பியது. தாத்தா, பாட்டிகளுக்கு வந்தால் அது நோயே இல்லை, வயசானா அப்படித்தான் என்று ஒதுக்கிவிட்டார்கள். இது எப்படி நடந்தது? அல்சைமர் உண்மையில் என்ன கண்டுபிடித்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

பவேரியாவில் பிறந்த நோட்டரியின் மகன்

1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் அலாய்ஸ் அல்சைமர். அப்பா எடுவார்ட், பத்திரங்களைப் பதிவு செய்து தரும் நோட்டரி. கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் அஷாஃபன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெர்லின், வுர்ஸ்பர்க், டூபிங்கன் என மூன்று ஊர்களில் மருத்துவம் படித்தார். மாணவர் சங்கத்தில் வாள்சண்டை பழகியதில் முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு விழுந்தது. அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்களுக்கு இது சகஜம்தான். 1887இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு என்ன தெரியுமா? காதில் குரும்பியைச் சுரக்கும் சுரப்பிகள்! மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த ஆய்வில்தான் மைக்ரோஸ்கோப் அவருக்குப் பழகியது. கடைசி வரை அதை அவர் விடவில்லை.

பைத்தியக்கார அரண்மனையில் முதல் வேலை

1888 டிசம்பரில் பிராங்க்பர்ட் நகரின் மனநலக் காப்பகத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். மனநோயாளிகளும் வலிப்பு நோயாளிகளும் தங்கியிருந்த இடம் அது. கட்டடம் கோட்டை போலப் பிரம்மாண்டமாக இருந்ததால், ஊர் மக்கள் அதைப் பைத்தியக்கார அரண்மனை என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காப்பகத்தைக் கட்டவைத்தவர் ஹைன்ரிச் ஹாஃப்மன். ஜெர்மன் குழந்தைகளுக்குப் பிரபலமான படக்கதைப் புத்தகம் எழுதிய அதே மருத்துவர்தான்.

அல்சைமர் சேர்ந்தபோது காப்பகத்தின் தலைவராக எமில் சியோலி இருந்தார். அடுத்த ஆண்டே ஃபிரான்ஸ் நிஸ்ல் என்ற இன்னொரு இளம் மருத்துவரும் வந்து சேர்ந்தார். இந்த மூவர் கூட்டணி இரண்டு விஷயங்களைச் செய்தது.

முதல் விஷயம், நோயாளிகளை நடத்தும் விதம். மனநோயாளி முரண்டு பிடித்தால் கையைக் கட்டிப்போடுவது, இறுக்கமான சட்டை மாட்டி அடைப்பது போன்றவை அப்போது பல இடங்களில் வழக்கம். சியோலியின் காப்பகத்தில் இதையெல்லாம் முடிந்தவரை குறைத்தார்கள். அதற்குப் பதிலாகப் பதற்றமாக இருப்பவர்களை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நீண்ட நேரம் இருக்கவைத்து அமைதிப்படுத்தினார்கள். திறந்த வார்டுகள், நடைப்பயிற்சி, முக்கியமாக நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது ஆகியவையும் சிகிச்சையின் பகுதியாக இருந்தன.

இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் குறைகள் இருக்கத்தான் செய்தன. தூங்கவைக்கும் மருந்துகளும் தனி அறையும் அங்கேயும் இருந்தன. ஆனாலும் நோயாளி சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

இரண்டாவது விஷயம், மைக்ரோஸ்கோப். மூளைத் திசுவைச் சாயத்தில் தோய்த்து நரம்பு செல்களைத் தெளிவாகப் பார்க்கும் முறையை நிஸ்ல் உருவாக்கியிருந்தார். இன்றும் அது நிஸ்ல் சாயமுறை என்றே சொல்லப்படுகிறது. பகலில் வார்டில் நோயாளிகள், மாலையில் ஆய்வகத்தில் மூளைத் துண்டுகள் என்று நண்பர்கள் இருவரும் வேலை பார்த்தார்கள். மூளையின் ரத்தக்குழாய்கள் தடித்து அடைபடுவதால் வரும் மறதி பற்றியும், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் மூளையைத் தாக்குவது பற்றியும் அல்சைமர் எழுதியது இந்த அனுபவத்தில் இருந்துதான். அன்றைய மனநலக் காப்பகங்களில் படுக்கைகளை நிரப்பியவர்களில் சிபிலிஸ் தாக்கியவர்கள் பெரும் பங்கு.

காதல், கல்யாணம், இழப்பு

1894இல் செசிலியே என்ற பெண்ணை மணந்தார். கணவரை இழந்தவர், வசதியானவர். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் 1901 பிப்ரவரியில் செசிலியே இறந்துபோனார். அல்சைமருக்கு அப்போது 36 வயது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வீட்டுக்கு வந்து தங்கினார். அவரோ வேலையில் இன்னும் ஆழமாக மூழ்கினார்.

மனைவி விட்டுச் சென்ற சொத்து இருந்ததால் சம்பளத்தை நம்பி வாழ வேண்டிய நிலை அவருக்கு இல்லை. பின்னாளில் மியூனிக்கில் சம்பளமே இல்லாமல் ஆராய்ச்சி செய்ய முடிந்ததற்கும் இதுதான் காரணம். செசிலியே இறந்து ஒன்பது மாதம் கழித்து, 1901 நவம்பர் 25ஆம் தேதி, அந்தக் காப்பகத்தில் ஒரு புதிய நோயாளி சேர்க்கப்பட்டார்.

அவுகுஸ்தே டேட்டருக்கு என்ன ஆனது?

அவர் பெயர் அவுகுஸ்தே டேட்டர். வயது 51. கணவர் கார்ல், ரயில்வேயில் கிளார்க். ஒரு மகள். பல ஆண்டுகள் நிம்மதியாகக் குடும்பம் நடத்திய பெண். அதுவரை பெரிய வியாதி எதுவும் இல்லை.

பிரச்னை தொடங்கியது சந்தேகத்தில். கணவருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக 1901 வசந்த காலத்தில் திடீரென்று சொல்ல ஆரம்பித்தார். அதன்பிறகு மறதி. சமையலில் தப்புகள். சாமான்களை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டுத் தேடுவது. காரணமே இல்லாமல் வீட்டுக்குள் அங்குமிங்கும் அலைவது. யார் எதைப் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற பயம். தன்னை யாரோ கொல்லப் போகிறார்கள் என்ற அலறல். சில மாதங்களில் கணவரால் சமாளிக்க முடியாத நிலை வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் வந்தது மறதி அல்ல, பொறாமையும் சந்தேகமும். குடும்பத்துக்குள் சண்டை மூட்டும் இந்தக் குணமாற்றத்தை நோயின் அறிகுறி என்று யாரும் உடனே நினைக்க மாட்டார்கள். இன்றும் பல வீடுகளில் இதே நிலைதான்.

ஒரு பெயரை மூன்று முறை

சேர்க்கப்பட்ட மறுநாள் அல்சைமர் அவரிடம் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். கேள்வியையும் பதிலையும் வரி விடாமல் எழுதினார்.

பெயர் கேட்டார். அவுகுஸ்தே என்று பதில் வந்தது. குடும்பப் பெயர் கேட்டார். மறுபடியும் அவுகுஸ்தே. கணவர் பெயர் கேட்டபோது கொஞ்சம் தடுமாறி, அதற்கும் அவுகுஸ்தே என்றே சொன்னார். மதியச் சாப்பாட்டில் அவர் சாப்பிட்டது காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார்.

பென்சில், பேனா, சாவி, பர்ஸ் என்று பொருள்களைக் காட்டினால் சரியாகப் பெயர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்ன காட்டினேன் என்று கேட்டால் எதுவும் நினைவில்லை. பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்ற சொல்லை எழுதிவிட்டு, மீதியை மறந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

தனக்கு ஏதோ ஆகிறது என்பது மட்டும் அவுகுஸ்தேவுக்குத் தெரிந்திருந்தது. தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதையும் அல்சைமர் குறிப்பில் எழுதி வைத்தார். மனநோயாளியின் உளறல் என்று அதைத் தள்ளிவிடவில்லை.

அல்சைமரைக் குழப்பியது வயது. மூளை தேய்ந்த முதியவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஆனால் 51 வயதில், சிபிலிஸ் இல்லாமல், பக்கவாதம் இல்லாமல் ஒருவர் இவ்வளவு வேகமாக நினைவை இழப்பது ஏன்?

மியூனிக்குக்கு வந்த பார்சல்

1903இல் அல்சைமர் பிராங்க்பர்ட்டை விட்டுக் கிளம்பினார். அப்போது ஜெர்மன் மனநல மருத்துவத்தின் சூப்பர் ஸ்டார் என்றால் அது எமில் கிரேப்பலின்தான். அவருடைய அழைப்பில் முதலில் ஹைடல்பெர்க், பிறகு மியூனிக் போனார். அங்கே மூளை ஆய்வகத்தின் பொறுப்பு அல்சைமருக்கு வந்தது.

இந்த ஆய்வகத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இத்தாலி, அமெரிக்கா என்று பல நாடுகளில் இருந்து இளம் மருத்துவர்கள் வந்தார்கள். இன்று லூயி வகை டிமென்ஷியா என்று ஒரு நோய் இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய ஃபிரெட்ரிக் லூயி இங்கே வேலை செய்தவர். அமெரிக்காவின் ஆரம்பகாலக் கறுப்பின மனநல மருத்துவர்களில் ஒருவரான சாலமன் கார்ட்டர் ஃபுல்லரும் அல்சைமரிடம் பயிற்சி பெற்றவர். வாயில் சுருட்டோடு ஒவ்வொரு மாணவரின் மைக்ரோஸ்கோப்பாகப் போய் உட்காருவாராம் அல்சைமர். பார்க்கும் ஆர்வத்தில் சுருட்டை மேஜையில் வைத்துவிட்டு மறந்துபோவாராம். மாலையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு துண்டுச் சுருட்டு கிடக்கும் என்று சொல்லப்படுகிறது.

ஊர் மாறினாலும் அவுகுஸ்தேவை அவர் மறக்கவில்லை. பிராங்க்பர்ட்டில் இருந்து தகவல் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கடைசிக் காலத்தில் அவுகுஸ்தேவால் பேச முடியவில்லை. கால்களை மடக்கிச் சுருண்டு படுத்தே கிடந்தார். படுக்கைப் புண்களில் தொற்று ஏறி, 1906 ஏப்ரல் 8ஆம் தேதி இறந்தார்.

மூளை நோய் என்றாலும் பலரின் உயிரைப் பறிப்பது இப்படிப்பட்ட விஷயங்கள்தான். படுக்கைப் புண், நிமோனியா, விழுங்க முடியாமை. திருப்பிப் படுக்க வைப்பது, சுத்தமாக வைப்பது, சாப்பிட வைப்பது போன்ற பராமரிப்புதான் இந்த நோயில் வாழ்நாளையும் வலியையும் தீர்மானிக்கிறது. ஆன்டிபயாடிக் இல்லாத அந்தக் காலத்தில் படுக்கைப் புண் வந்தால் தப்பிப்பது கஷ்டம்.

அல்சைமர் கேட்டுக்கொண்டபடி, சியோலி நோயாளியின் கோப்பையும் மூளையையும் மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார்.

தினை விதை போன்ற படிவுகள், சிக்கு விழுந்த நார்கள்

மூளையைப் பார்த்ததுமே தெரிந்தது, அது சுருங்கிப் போயிருந்தது. மெல்லிய துண்டுகளாக வெட்டி, சில ஆண்டுகளுக்கு முன்புதான் அறிமுகமாகியிருந்த வெள்ளிச் சாயமுறையில் சாயமேற்றிப் பார்த்தார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, நரம்பு செல்களுக்கு வெளியே தினை விதைகள் போலச் சிதறிக் கிடந்த படிவுகள். இன்னொன்று, செல்களுக்கு உள்ளே இருந்த மெல்லிய நார்கள் தடித்து, ஒன்றோடு ஒன்று பின்னி, தலைமுடியில் சிக்கு விழுந்தது போலக் கட்டிப் போயிருந்தன. மூளையின் மேலடுக்கில் இருந்த நரம்பு செல்களில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிப் பாழாகியிருந்தன. பல இடங்களில் செல் செத்துப்போய், சிக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

படிவுகளை அவருக்கு முன்பே வேறு சிலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உயிரோடு இருந்தபோது ஒருவர் பேசியது, நடந்துகொண்டது எல்லாவற்றையும் பதிவு செய்து, இறந்த பிறகு அவர் மூளையில் இந்தப் படிவுகளையும் சிக்குகளையும் சேர்த்துக் காட்டியதுதான் அல்சைமரின் பங்களிப்பு. மனம் பிசகியதற்கு மூளையில் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

யாரும் கேள்வி கேட்காத கூட்டம்

1906 நவம்பர் 3ஆம் தேதி, டூபிங்கன் நகரில் தென்மேற்கு ஜெர்மன் மனநல மருத்துவர்கள் கூட்டம். ஏறத்தாழ 90 பேர் வந்திருந்தார்கள். அல்சைமர் எழுந்து அவுகுஸ்தேவின் கதையைச் சொன்னார், மூளைப் படங்களைக் காட்டினார். முடித்ததும் கூட்டத்தின் தலைவர் கேள்விகள் உண்டா என்று கேட்டார். அமைதி. மறுபடி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். 1907இல் வெளியான கட்டுரையும் சில பக்கங்கள்தான்.

அன்று கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆல்ஃபிரட் ஹோகே. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1920இல் இதே ஹோகே, கார்ல் பிண்டிங் என்ற சட்ட அறிஞரோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். வாழத் தகுதியற்ற உயிர்களை அழிப்பதற்கு அனுமதி வேண்டும் என்பது அதன் வாதம். குணமாகாத மனநோயாளிகள் சமூகத்துக்குச் சுமை என்றது அந்தப் புத்தகம். நாஜி ஆட்சி அந்த எண்ணத்தைச் செயலாகவே மாற்றியது. 1940, 1941 ஆண்டுகளில் மட்டும் ஜெர்மனியின் காப்பகங்களில் இருந்து சுமார் 70,000 பேர் விஷவாயு அறைகளுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நினைவிழந்த முதியவர்களும் இருந்தார்கள்.

நினைவை இழந்த ஒருவரை நோயாளியாகப் பார்ப்பதா, சுமையாகப் பார்ப்பதா என்ற கேள்விக்கு ஒரு சமூகம் சொன்ன மிக மோசமான பதில் அது.

நோய்க்குப் பெயர் வந்தது எப்படி?

அல்சைமர் தன் பெயரை எந்த நோய்க்கும் வைக்கவில்லை. வைத்தவர் கிரேப்பலின். 1910இல் வெளியான தன் பாடநூலின் 8ஆம் பதிப்பில், நடுத்தர வயதில் வரும் இந்த மறதிக்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். கையில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளின் விவரம் மட்டுமே.

ஏன் இந்த அவசரம்? வரலாற்று ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். பிராகா நகரில் இருந்த போட்டி ஆய்வகத்தை முந்த வேண்டும் என்பது ஒன்று. சிக்மண்ட் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு வேகமாகப் பரவிய நேரத்தில், மனநோய்க்கு மூளையில்தான் காரணம் என்று காட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

பிராகாவில் இருந்த அந்தப் போட்டியாளர் ஆஸ்கர் ஃபிஷர். 1907இலேயே, மறதி நோய் வந்த முதியவர்கள் 16 பேரின் மூளையைப் பார்த்து, 12 பேரிடம் இதே படிவுகளைக் கண்டவர். அதாவது, வயதானவர்களின் மறதிக்கும் இதே காரணம் இருக்கலாம் என்பதற்கான ஆதாரம் அப்போதே கிடைத்துவிட்டது. யூதரான ஃபிஷர் பின்னாளில் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, 1942இல் டெரெசின் சிறையில் இறந்தார். அவர் பெயர் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டே போனது.

இதில் இன்னொரு ட்விஸ்ட். இது தனி நோயா என்பதில் அல்சைமருக்கே சந்தேகம் இருந்தது. 1911இல் எழுதிய நீண்ட கட்டுரையில், முதுமையில் வரும் மறதி நோயின் வழக்கத்துக்கு மாறான ஒரு வடிவமாகத்தான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால் பாடநூலில் ஏறிய பெயர் நிலைத்துவிட்டது. கூடவே வயது எல்லையும் நிலைத்துவிட்டது. 50களில் வந்தால் அல்சைமர், 75 வயதில் வந்தால் முதுமை. அவ்வளவுதான்!

51 வயதில் முடிந்த வாழ்க்கை

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் ஊர் அது. ஆனால் அங்கே பதவி ஏற்கப் போகும் வழியிலேயே ரயிலில் உடல்நலம் கெட்டது. தொண்டையில் தொடங்கிய தொற்று இதயத்தைப் பாதித்தது. அதிலிருந்து முழுமையாக அவர் மீளவே இல்லை.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 டிசம்பர் 19ஆம் தேதி அல்சைமர் இறந்தார். வயது 51. அவுகுஸ்தே டேட்டர் காப்பகத்துக்கு வந்தபோது இருந்த அதே வயது. பிராங்க்பர்ட்டில் மனைவி செசிலியேவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

60 ஆண்டு தாமதம்

அல்சைமர் இறந்த பிறகு அவருடைய பெயர் பாடநூலின் ஒரு மூலையில் கிடந்தது. முதியவர்களின் மறதிக்கு ஆராய்ச்சியும் இல்லை, நிதியும் இல்லை. வயசானா மூளை மங்கத்தான் செய்யும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்தது.

திருப்பம் 1960களில் வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மூன்று மருத்துவர்கள், முதியவர்களின் நினைவாற்றலையும் அன்றாடச் செயல்பாட்டையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அளந்து வைத்தார்கள். இறந்த பிறகு மூளையில் இருந்த படிவுகளை எண்ணினார்கள். படிவுகள் அதிகம் இருந்தவர்களுக்கு மறதியும் அதிகமாக இருந்தது. 1968இல் வெளியான அந்த ஆய்வு, பெரும்பாலான முதுமை மறதிக்குப் பின்னால் இருப்பது அல்சைமர் பார்த்த அதே நோய்தான் என்பதற்கு வழி திறந்தது.

1976இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். வயதை வைத்து நோயைப் பிரிப்பதே தவறு, இரண்டும் ஒன்றுதான் என்று எழுதினார். அந்த வாதம் ஏற்கப்பட்டதும், அபூர்வ நோய் என்று நினைத்தது உலகின் மிகப்பெரிய சுகாதாரப் பிரச்னைகளில் ஒன்றாக மாறியது. நோயாளிகள் புதிதாக வரவில்லை. எப்போதும் இருந்தவர்கள்தான் கணக்கில் சேர்ந்தார்கள்.

அதன்பிறகு ஆராய்ச்சி வேகமெடுத்தது. அந்தத் தினை விதைப் படிவுகளில் இருப்பது அமிலாய்டு என்ற புரதம் என்பது 1984இல் பிரித்தெடுக்கப்பட்டது. சிக்குகளில் இருப்பது டௌ என்ற புரதம் என்பதும் 1980களிலேயே தெரிந்தது. 1994இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் தனக்கு அல்சைமர் இருப்பதாக வெளிப்படையாக அறிவித்தபோது, உலகம் முழுக்க வீட்டு வரவேற்பறைகளில் இந்தப் பெயர் பேசப்பட்டது.

80 ஆண்டு கழித்துக் கிடைத்த கோப்பு

அவுகுஸ்தேவின் கோப்பு பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. அவருக்கு உண்மையில் வேறு நோய் இருந்திருக்குமோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 1995 டிசம்பரில், அல்சைமர் இறந்து சரியாக 80 ஆண்டு முடிந்த சில நாட்களில், கோன்ராட் மௌரர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் பிராங்க்பர்ட்டில் அதைக் கண்டுபிடித்தார்கள். நீல நிற அட்டைக்குள் 32 தாள்கள். அல்சைமரின் கையெழுத்தில் கேள்வி பதில்கள், அவுகுஸ்தேவின் புகைப்படம், பாதியில் நின்ற அவருடைய கையெழுத்து என எல்லாம் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மூளைத் துண்டுகள் கொண்ட கண்ணாடித் தகடுகளும் மியூனிக்கில் கிடைத்தன. இன்றைய மருத்துவர்கள் பார்த்தபோதும் அதே படிவுகள், அதே சிக்குகள். அல்சைமர் சொன்னது சரிதான்.

இன்று நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5.7 கோடி பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4%, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியா என்பது பொதுவான பெயர். அதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர்.

• சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சாதாரணம். சாவி எதற்கு என்றே தெரியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

• மறதி மட்டும் அறிகுறி அல்ல. திடீர்ச் சந்தேகம், பொருளை ஒளித்து வைப்பது, பயம், பழகிய சமையலில் தப்பு, தெரிந்த வழியில் தொலைந்துபோவது ஆகியவையும் அறிகுறிகளாக இருக்கலாம்.

• மறதி வந்தாலே அல்சைமர் என்று முடிவுகட்ட வேண்டாம். மன அழுத்தம், தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே போலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால்தான் பரிசோதனை முக்கியம்.

• படிவுகளைக் குறைக்கும் லெகனெமாப், டோனனெமாப் என்ற மருந்துகளுக்கு 2023, 2024 ஆண்டுகளில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், குணமாக்காது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகளும் உண்டு.

• ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேளாமை, மன அழுத்தம், தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைக் கட்டுப்படுத்தினால், உலகில் சுமார் 45% டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்கிறது 2024இல் வெளியான லான்செட் ஆய்வுக்குழு அறிக்கை. காது கேட்காத தாத்தாவுக்கு ஹியரிங் எய்டு வாங்கிக் கொடுப்பதுகூட இதில் அடங்கும்.

• பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். ஒரே ஆள் இரவு பகலாகச் சுமக்கும் வேலை இல்லை இது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் அது வேண்டுமென்றே செய்வது அல்ல என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டால், பாதிச் சண்டை குறையும்.

அல்சைமரின் கையில் இந்த நோய்க்கு மருந்து எதுவும் இருக்கவில்லை. அவர் செய்தது, 51 வயதுப் பெண் தடுமாறித் தடுமாறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதியதுதான். 75 வயதில் ஒருவர் அதே மாதிரி தடுமாறும்போது அதையும் நோய் என்று ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு 60 ஆண்டு தேவைப்பட்டது. வீட்டில் ஒரு பெரியவரின் பேச்சும் நடவடிக்கையும் மாறத் தொடங்கினால், வயசாயிடுச்சு என்று சொல்லித் தள்ளிப்போடாமல் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுங்கள்.